தாத்தா எந்தப் பட்டாளம்?

கேள்வி இதுதான்: "என் தாத்தா கெடா மாநிலம் பீடோங் வட்டாரத்தில் 40 வருடம் பெந்தெகொஸ்தே போதகராக இருந்தவர். 1926இல் தோட்டத்தில் பிறந்தவர். 'நான் பட்டாளத்தில் துப்பாக்கி பிடித்தவன், குடிகாரன், 1956இல் கர்த்தர் என்னைத் தொட்டார்' என்றுதான் எப்போதும் சாட்சி சொல்லுவார். எந்தப் பட்டாளம் என்று யாருக்கும் தெரியவில்லை. பெட்டியில் ஒரு மெடல் இருக்கிறது. ஊதா ரிப்பன், நடுவில் பச்சைக் கோடு. ஞாயிறு பள்ளி விளையாட்டுப் போட்டியில் பிள்ளைகளைப் பார்த்து 'சாவ்தான்' என்று கத்துவார். ஆனால் பெரியம்மா, 'அப்பா குடிகாரரா? கள்ளுக்கடையை மறித்தவர் அவர்' என்கிறார். சபை ஆண்டுவிழா மலருக்கு அவர் வாழ்க்கையை எழுத வேண்டும். எதை நம்புவது?"

நேராகவே சொல்லிவிடுகிறேன். தாத்தா இரண்டு பட்டாளத்தில் இருந்திருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. முதலாவது நேதாஜி படை, அதாவது இந்திய தேசிய ராணுவம் (ஐ.என்.ஏ.). இரண்டாவது, கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசு அறிவித்த அவசரகாலத்தில் தோட்டத்தைக் காவல் காத்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள் வேலை. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. பெரியம்மா சொல்வது அதைத்தான். அவர் சொல்வதும் தாத்தா சொன்னதும் முரணாக இருக்க வேண்டியதில்லை.

'சாவ்தான்' என்ற சொல்லிலிருந்து ஆரம்பிப்போம். அது இந்துஸ்தானி அணிவகுப்புக் கட்டளை. சாவ்தான் (நேராக நில்), விஷ்ராம் (இளைப்பாறு), தேஸ் சல் (வேகமாக நட). மலாயாத் தோட்டத்தில் பிறந்து, தமிழும் கொஞ்சம் மலாயும் மட்டும் பேசிய ஓர் ஆளுக்கு இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்திருக்கும்? போலீஸில் கற்றிருந்தால் 'செடியா', 'செனாங் டிரி' என்று மலாயில்தான் வந்திருக்கும். 1943இல் அவருக்கு வயது 17. அந்த ஜூலையில்தான் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் தலைமை ஏற்றார், அக்டோபர் 21இல் ஆசாத் ஹிந்த் (சுதந்திர இந்தியா) அரசை அறிவித்தார். அதற்குப் பிறகு தோட்டம் தோட்டமாக ஆள் சேர்ந்தார்கள். அந்தப் படையில் கட்டளைகள் எல்லாம் இந்துஸ்தானியில்தான். அர்த்தம் முழுதாகப் புரியாமலே அந்தச் சத்தத்தை மட்டும் சாகும்வரை மறக்காத கிழவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் தோட்டத்தில் ஒருவர் மாட்டை நிறுத்தக்கூட 'சாவ்தான்' என்பார். மாடு நிற்காது, அது வேறு விஷயம்.

கெடாக்காரர்கள் அதிகம் சொல்லிக்கொள்ளாத ஒரு சங்கதியும் உண்டு. இந்திய தேசிய ராணுவத்துக்கான விதை விழுந்ததே உங்கள் மாநிலத்தில்தான். 1941 டிசம்பரில் ஜித்ராவில் ஜப்பானியர் பிரிட்டிஷ் இந்தியப் படையை உடைத்தபோது, பஞ்சாப் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த கேப்டன் மோகன் சிங் அலோர் ஸ்டார் பக்கத்தில் அவர்களிடம் சரணடைந்தார். முதல் ஐ.என்.ஏ. அவர் கையில்தான் உருவானது. அது 1942 கடைசியில் சிதைந்து, போஸ் வந்த பிறகு மறுபடி எழுந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மலரில் "இம்பாலில் போரிட்டார்" என்று எழுதிவிடாதீர்கள். ஐ.என்.ஏ. என்றாலே இம்பால் என்று எழுதுவது நம் ஆட்களுக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. 1944இல் பர்மா முனைக்குப் போனது முதல் டிவிஷன். அதில் பெரும்பாலும் முன்பே ராணுவத்தில் இருந்தவர்கள். மலாயாவில் சேர்ந்த குடிமக்களைக் கொண்டு திரட்டப்பட்ட மூன்றாவது டிவிஷன் கடைசிவரை இந்தப் பக்கம்தான் இருந்தது. தோட்டத்துப் பையன்கள் பலர் பயிற்சி எடுத்தார்கள், காவல் நின்றார்கள், மரவள்ளிக்கிழங்கு தின்றார்கள், 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்ததும் சீருடையைக் கழற்றிவிட்டு வீட்டுக்கு நடந்தார்கள். தாத்தாவும் அவர்களில் ஒருவராக இருந்திருக்கலாம். அதில் குறைவு ஒன்றுமில்லை.

ஏன் சேர்ந்தார் என்று எழுத வேண்டி வரும். தேசப்பற்று என்று ஒரு வரியில் முடித்தால் பாதி உண்மைதான் வரும். அப்போது தோட்டங்கள் படுத்துவிட்டன. ரப்பர் வாங்க ஆளில்லை, அரிசி இல்லை, கையில் இருந்ததெல்லாம் ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டு. அதைவிடப் பெரிய பயம் சயாம். தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் மரண ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து போனவர்கள் 70 ஆயிரத்துக்கும் மேல் என்பார்கள். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். லாரி வந்து நின்றால் பையன்கள் ரப்பர் காட்டுக்குள் ஓடுவார்கள். நேதாஜி படையில் பெயர் கொடுத்தால் சயாமுக்குப் பிடிக்க மாட்டார்கள் என்பது பலருடைய கணக்கு. அந்தக் கணக்கோடு போனவர்கள்தான் முகாமில் போஸின் பேச்சைக் கேட்டு வேறு ஆளாகத் திரும்பினார்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நின்ற சனம், முதல்முறையாக நிமிர்ந்து நிற்கப் பழகியது அந்தப் படையில்தான்.

இனி பெரியம்மாவின் பேச்சுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். 'கள்ளுக்கடையை மறித்தவர்' என்பதைக் கிழவி ஏதோ உளறுகிறாள் என்று விட்டுவிடாதீர்கள். போர் முடிந்த கையோடு கெடாவில் தொண்டர் படை என்று ஓர் இயக்கம் எழுந்தது. பீடோங்குக்குப் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி என்பவர் தொடங்கியது. ஐ.என்.ஏ.யிலிருந்து திரும்பிய இளைஞர்கள் அதில் நிறைய. சீருடை, அணிவகுப்பு, எல்லாம் உண்டு. முதல் எதிரி கள்ளு. அப்போது கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருக்கும். காலையில் ரப்பர் பால்வெட்டிச் சம்பாதித்ததை மாலையில் அங்கே கொடுத்துவிட்டுத் தள்ளாடி வருவார்கள். தொண்டர் படை கடை வாசலில் நின்று மறித்தது. குடித்துவிட்டு வந்தவனைத் தண்டிக்கவும் செய்தது. அது கொஞ்சம் கடுமையான தண்டனைதான், அழகாக்கிச் சொல்ல வேண்டாம். 1947 தொடக்கத்தில் பீடோங்கிலேயே கள்ளுக்கடை விவகாரம் போலீசோடு மோதலாக முடிந்து பலர் கைதானார்கள். அப்போது தாத்தாவுக்கு 21 வயது. தொண்டர் படைக்கு ஏற்ற வயது, ஏற்ற பயிற்சி, அதே ஊர். அவர் அந்த வாசலில் நிற்கவில்லை என்றால்தான் எனக்கு ஆச்சரியம்.

அப்படியானால் குடிகாரன் என்று அவரே சொன்னது? அதற்கு அடுத்த ஏழெட்டு வருடங்களைப் பார்க்க வேண்டும்.

1948 ஜூன் 16ஆம் தேதி பேராக் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். தொழிற்சங்கங்களின் பெரிய சம்மேளனம் தடை செய்யப்பட்டது. அதன் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில் 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். கணபதியும் ஐ.என்.ஏ.வில் இருந்தவர். இந்தச் செய்தி தொழிலாளர் குடியிருந்த ஒவ்வொரு லயத்துக்கும் போய்ச் சேர்ந்தது. நேதாஜி படை, அப்புறம் தொண்டர் படை என்று இரண்டிலும் பெயர் பட்ட ஓர் இளைஞன் அந்த வருடங்களில் என்ன செய்வான்? வாயை மூடிக்கொள்வான். போட்டோவை அடுப்பில் போடுவான். 'எந்தப் பட்டாளம்' என்று உங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாமல் போனதற்கு ஞாபக மறதி காரணமல்ல என்று நினைக்கிறேன். சொல்லாமல் இருப்பதுதான் அன்றைக்கு உயிரைக் காப்பாற்றியது. பிறகு சொல்லலாம் என்ற காலம் வந்தபோது, சொல்லாத பழக்கம் ஊறிப் போயிருக்கும்.

இப்போது மெடல். ஊதா ரிப்பன், நடுவில் பச்சைக் கோடு என்றால் அது பிரிட்டிஷ் பொதுச் சேவைப் பதக்கம். ரிப்பனில் ஒரு வெள்ளிப் பட்டை இருந்து, அதில் ஆங்கிலத்தில் மலாயா என்று எழுதியிருந்தால் அவசரகாலச் சேவைக்காகக் கொடுத்தது. ஐ.என்.ஏ.வுக்கு நிச்சயமாக இல்லை. தனக்கு எதிராகத் துப்பாக்கி எடுத்தவனுக்கு வெள்ளைக்காரன் மெடல் கொடுக்க மாட்டான். இந்தப் பதக்கத்தில் நமக்கு வசதியான ஒன்று, அதன் விளிம்பில் வாங்கியவரின் எண், பதவி, பெயர், பிரிவு எல்லாம் பொறித்திருப்பார்கள். ஒரு பூதக்கண்ணாடி போதும். ஒரு பக்கம் ராஜா தலை இருந்தால் ஆறாம் ஜார்ஜ், ராணி தலை என்றால் எலிசபெத் காலத்தில் அடித்தது.

அந்த நாளில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் உச்சத்தில் 40 ஆயிரம் பேர் வரை இருந்தார்கள். பெரும்பாலும் மலாய்க்காரர்கள், தோட்டங்களில் நம் ஆட்களும் உண்டு. ஒரு பழைய நேதாஜிக்காரன் வெள்ளைக்காரன் கொடுத்த துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு துரை பங்களாவைச் சுற்றி வருவதா என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் தோட்டத்தில் பிறந்தவனுக்கு வேறு எங்கே வேலை? துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவன் என்று மேனேஜருக்கு யாராவது காதில் போட்டிருப்பார்கள். மறுத்தால் சந்தேகப் பட்டியல். ஏற்றுக்கொண்டால் ராத்திரி காட்டுக்குள்ளிருந்து வருகிறவன், நேற்று பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவனாகக்கூட இருக்கலாம். கம்யூனிஸ்டுகளுக்குச் சோறும் உதவியும் போகாமல் தடுக்கும் பிரிக்ஸ் திட்டம் வந்து லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள், ஊரடங்கு போட்டார்கள். பால்வெட்டப் போகிறவன் மத்தியானச் சோற்றைக் கட்டிக்கொண்டு போகவும் கட்டுப்பாடு, அது கம்யூனிஸ்டுக்குப் போய்விடுமாம். வாசலில் நின்று பெண்களின் கூடையைத் துழாவிப் பார்ப்பது கான்ஸ்டபிள் வேலை. சொந்தச் சனத்தின் சோற்றுச் சட்டியைத் திறந்து பார்க்கிற வேலை.

குடி அங்கே ஆரம்பித்திருக்கலாம் என்பது என் ஊகம். 1947இல் கள்ளுக்கடையை மறித்தவன் 1952இல் அதே கடையில் உட்கார்ந்திருந்தான் என்றால், அதைத்தான் அவர் சாட்சியில் ஒரே சொல்லில் அடக்கினார். 'குடிகாரன்' என்றால் சபைக்குப் புரியும். மற்றதை விளக்கப் போனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதாது.

சாட்சிக்கென்று ஒரு வார்ப்பு இருக்கிறது. முன்பு இருள், ஒரு நாள் வெளிச்சம், பிறகு ஊழியம். நான் பெந்தெகொஸ்தே வீட்டில் வளர்ந்தவன், நூற்றுக்கணக்கில் கேட்டிருக்கிறேன், குறை சொல்லவில்லை. மேடையில் பத்து நிமிடத்தில் சொல்ல வேறு வழியில்லை. ஆனால் அந்த வார்ப்பில் ஊற்றும்போது ஐ.என்.ஏ.வும் தொண்டர் படையும் போலீஸ் வேலையும் எல்லாம் சேர்ந்து 'பட்டாளம்' என்று ஒரே கட்டியாகிவிடும். மேடையில் சொன்ன அதே வடிவத்தை அச்சடித்தால் அவர் எழுபது ஊர் போதகர்களில் ஒருவராகத்தான் தெரிவார். மலருக்கு எழுதும்போது அந்தக் கட்டியை உடைத்து எழுதுங்கள்.

பெந்தெகொஸ்தே அவரை எப்படி எட்டியது என்பதற்கும் சில தடயங்கள் உண்டு. லுத்தரன், மெதடிஸ்ட், கத்தோலிக்கச் சபைகள் தமிழர்களிடையே முன்பே இருந்தன. பெந்தெகொஸ்தே பிந்தி வந்தது. அதில் ஒரு கிளை, 1920களில் கொழும்பில் தோன்றிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன். அதை நிறுவிய பாஸ்டர் பால், ராமன்குட்டி என்ற பெயரோடு கேரளத்தில் பிறந்து சிலோனுக்குப் போனவர். வெள்ளை உடை, நகை கிடையாது, மருந்து கிடையாது. ஊழியர்கள் கல்யாணம் செய்துகொள்ளாமல் விசுவாச வீட்டில் கூட்டாக வாழ்வார்கள். தாத்தாவுக்கு மனைவி மக்கள் இருந்ததால், அவர் அந்த மிஷனின் முழுநேர ஊழியராக இருந்திருக்க வாய்ப்பு குறைவு. அசெம்பிளிஸ் ஆப் காட் சபையா, தனிச் சபையா என்பதைப் பழைய ஞானஸ்நானச் சீட்டு சொல்லிவிடும். 1960இல் தொடங்கிய மலாயா வேதாகமப் பள்ளியில் படித்தாரா என்றும் பாருங்கள். படிக்காமலே போதகரானவர்கள்தான் தோட்டப்புறத்தில் அதிகம்.

ஆனால் கிளை எதுவானாலும், ஒரு முன்னாள் தொண்டர் படைக்காரருக்குப் பெந்தெகொஸ்தே ஏன் பொருந்தியது என்பது எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. கள்ளு கிடையாது. விடியற்காலை எழ வேண்டும். உபவாசம் உண்டு. மேலே பிஷப் யாரும் வந்து உட்கார மாட்டார். பால்வெட்டுகிறவனும் எழுந்து நின்று பேசலாம், பெண்களும் பேசலாம். தொண்டர் படையில் தோற்ற பாதியை இங்கே ஜெயிக்க முடிந்தது. எங்கள் பாஸ்டர் ஐயா முழு இரவு ஜெபத்தை எப்போதும் சம்பள நாள் இரவில்தான் வைப்பார். சிறுவனாக இருந்தபோது எனக்கு விளங்கவில்லை. சம்பளத்தோடு புருஷன் நேராகக் கூட்டத்துக்கு வந்துவிட்டால் கள்ளுக்கடை வாசலைத் தாண்டிவிட்டான் என்று அர்த்தம். கூட்டத்தில் முன் வரிசையில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் பெண்கள். ஐயாவுக்கும் இளமையில் ஏதோ 'படை' தொடர்பு என்று ஊரில் பேச்சு. தஞ்சோங் டாவாய் கடலில் ஞானஸ்நானம் கொடுக்கும்போது வெள்ளைச் சட்டைகளை உயர வரிசைப்படி நிறுத்துவார். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் கிராணி (கணக்கர்) பேர் கூப்பிடுவதுபோல ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்.

குடும்பத்துக்குள் அதற்கு விலையும் கொடுத்திருப்பார்கள். அதை எழுதாமல் விடாதீர்கள். மாரியம்மன் கோயில்தான் தோட்டத்தின் நடு. திருவிழாவுக்குச் சந்தா தர மாட்டேன், படையல் சோறு சாப்பிட மாட்டேன் என்றால் சொந்த அண்ணன் பேச்சை நிறுத்திவிடுவான். கல்யாணம், கருமாதி எல்லாம் சிக்கல். பாட்டி தாலியையும் பொட்டையும் எடுத்தாரா, யார் சொல்லி எடுத்தார், அழுதாரா என்று பெரியம்மாவிடம் கேளுங்கள். போதகரின் வாழ்க்கையில் பாதி போதகரம்மாவின் வாழ்க்கைதான், மலர்களில் அதற்கு ஒரு போட்டோவும் இரண்டு வரியும்தான் கிடைக்கிறது.

பிந்திய வருடங்களைச் சுருக்கமாக எழுதினால் போதும், ஏனென்றால் சபையாருக்கே தெரியும். 1969க்குப் பிறகு வேலை பெர்மிட் பிரச்சினையில் சிவப்பு ஐசிக்காரர்கள் (குடியுரிமை இல்லாதவர்களின் அடையாள அட்டை வைத்திருந்தவர்கள்) பலர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். 1972இல் பினாங்கு பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை வந்தது, பெண்பிள்ளைகள் அங்கே போனார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின. சபை லயத்திலிருந்து பட்டணத்துக் கடைவீட்டு மாடிக்கு ஏறியது. இதில் ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: தோட்டம் காலியானபோது அவர் யாருக்காவது பிறப்புப் பத்திரம், ஐசி எழுதிக்கொடுக்க அலைந்தாரா? அந்தக் காலத்துப் பாஸ்டர்கள் பலர் பாதி நாள் பதிவிலாகா வாசலில்தான் ஊழியம் செய்தார்கள்.

ஒரு சின்ன விஷயம் இன்னும் உறுத்துகிறது. மெடலை அவர் ஏன் பெட்டிக்குள் வைத்தார், ஏன் எறியவில்லை? ஆரம்ப காலப் பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் போர் கூடாது என்ற எண்ணம் வலுவாக இருந்தது. அமெரிக்க அசெம்பிளிஸ் ஆப் காட் 1917இல் அதைத் தீர்மானமாகவே எழுதி, 1967இல்தான் தனி மனிதன் மனசாட்சிக்கு விட்டது. அந்தப் போதனை பீடோங் வரை எந்த அளவு வந்தது என்று அளக்க முடியாது. சட்டையில் குத்தவும் மனமில்லை, தூக்கிப் போடவும் மனமில்லை என்று மட்டும் பெட்டி சொல்கிறது. அப்படியே எழுதுங்கள்.

பெரியம்மாவிடம் பேசும்போது 'தாத்தா போருக்குப் போனாரா' என்று கேட்காதீர்கள். 'தெரியாதும்மா' என்றுதான் வரும். ஜப்பான்காரன் காலத்தில் வீட்டுக்கு அரிசி எங்கிருந்து வந்தது, சயாமுக்குப் போய்த் திரும்பாதவர் யார், கள்ளுக்கடை எந்த மரத்தடியில் இருந்தது, முள்வேலிக் கதவு எத்தனை மணிக்கு மூடும் என்று கேளுங்கள். அப்பாவின் கதை அந்தப் பதில்களுக்கு நடுவில் தானே வந்து உட்காரும். கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்திலும் அந்தக் காலத்துக் கோப்புகள் உண்டு. ஆனால் முதலில் பெரியம்மா, பிறகு கோப்பு. கோப்பு காத்திருக்கும்.

மெடலை இப்போதைக்கு உலர்ந்த பஞ்சுத் துணியால் மட்டும் துடையுங்கள். மலரில் போட்டோ எடுக்கப் பளபளக்க வேண்டும் என்று யாராவது பிராஸோ பாலிஷ் போட்டுத் தேய்த்துவிடப் போகிறார்கள். விளிம்பில் இருக்கிற எழுத்து ரொம்ப மெலிசு.